கோழி குடிக்கும், குழந்தை குடிக்காது

புதிதாக வந்திருக்கும் தங்கச்சிகள் இரண்டு பேருக்கும் வணக்கம். நான் இந்தக் குழந்தைகள் அறையிலிருந்து ஓய்வு பெற்றவன். தலை நரைத்திருக்கிறதா என்று தேடாதீர்கள், எனக்கு இன்னும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு அறை நிறைய வாண்டுகளோடு சில கோடைகளைத் தாண்டியவனுக்கு எந்த வயதிலும் ஓய்வு கேட்க உரிமை உண்டு. இப்போது இதே பண்ணையின் முட்டை வண்டியை ஓட்டுகிறேன். முட்டை அழாது, சட்டைப்பையில் ரசஞ்சோற்றைப் போடாது, தூங்கியவுடன் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாக விழித்துக்கொள்ளாது. சுகமான வேலை.

நீங்கள் பன்னிரண்டாவது முடித்துப் பயிற்சியும் வாங்கி வந்திருக்கிறீர்கள். நான் ஒன்பதாவதிலேயே என் வாத்தியார்களுக்கு விடுதலை கொடுத்தவன். அதனால் பாடம் எடுக்க மாட்டேன். சோறு ஊட்டுவது, தூங்க வைப்பது, ஜட்டி மாற்றுவது எல்லாம் இந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா சொல்லிக்கொடுத்துவிடுவார். நான் சொல்ல வந்தது தண்ணீர் குடிக்க வைப்பதைப் பற்றி மட்டும். இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். பங்குனி வரட்டும்.

நாமக்கல் பக்கத்தில் இப்படி ஒரு அறை இருக்கிறதே என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். பண்ணையில் முட்டை பொறுக்குவதும், உடைசலைத் தள்ளிவிட்டு அட்டையில் அடுக்குவதும் பெண்கள்தான். அவர்களுடைய கைக்குழந்தைகள் முட்டைக் குடோனுக்குள் தவழ்ந்தால் குழந்தைக்கும் ஆபத்து, முட்டைக்கும் ஆபத்து. அதனால் குடோனை ஒட்டி இந்த அறை. அப்போது நான் குஞ்சு செட்டில், அதாவது கோழிக்குஞ்சு வளர்க்கும் கொட்டகையில், வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மேனேஜர் அண்ணன் கூப்பிட்டார்.

"டேய், நாளையில இருந்து நீ புள்ளைங்க ரூமுக்குப் போ. அக்காவுக்கு ஒத்தாசைக்கு ஆளில்லை."

"அண்ணா, அங்க இருக்கறது புள்ளைங்கண்ணா."

"எனக்கு மட்டும் தெரியாதா? குஞ்சைக் காப்பாத்தறவன் புள்ளையக் காப்பாத்த மாட்டியா? ரெண்டுக்கும் வாயி, வயிறு, பின்னாடி. அவ்வளவுதான். போடா."

மேனேஜர் அண்ணனுக்கு உலகத்தில் எல்லாமே கோழிதான். மனுசனைக்கூடக் கொஞ்சம் பெரிய கோழியாகத்தான் பார்ப்பார். நல்ல மனிதர். அந்த நல்ல மனசால்தான் பின்னால் அத்தனை கூத்தும் நடந்தது.

முதல் வாரமே எனக்கு ஒன்று புரிந்தது. எந்த வாண்டும் தண்ணீர் குடிக்காது. விளையாடும், வியர்க்கும், மண்ணைத் தின்னும், என் செருப்பை நக்கும். டம்ளரை நீட்டினால் மட்டும் நான் என்னவோ விளக்கெண்ணெய் கொண்டுவந்ததுபோல வாயை இறுக்கிக்கொள்ளும். மூக்கைப் பிடித்து ஊற்றினால் என்ன என்று கேட்டேன். அக்கா என் மூக்கைப் பிடித்துக் காட்டினார். அதோடு அந்தக் கேள்வி முடிந்தது.

குஞ்சு செட்டில் ஒரு பழக்கம் உண்டு. பொரித்த குஞ்சுகள் பெட்டியில் வந்து இறங்கும்போது அதுகளுக்குத் தண்ணீர் என்றால் என்னவென்றே தெரியாது. எல்லாவற்றுக்கும் நாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. நாலைந்து குஞ்சுகளின் மூக்கை மட்டும் தண்ணீரில் லேசாகத் தொட்டு விட்டால் போதும். அது தலையைத் தூக்கி விழுங்கும். பக்கத்துக் குஞ்சு பார்க்கும், தானும் குத்தும். கொஞ்ச நேரத்தில் செட்டே குடிக்கும்.

இதை இங்கே செய்து பார்த்தேன். அறையிலேயே மூத்தவள் ஒருத்தி இருந்தாள், இரண்டரை வயது. பெயர் சொல்ல மாட்டேன், இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், மானம் போய்விடும். அவளைத்தான் என் குரு என்று சொல்வேன். அவளிடம் ஒரு சின்ன டம்ளரில் பாதி ஊற்றிக் கொடுத்து, "சியர்ஸ் அடிக்கலாமா கண்ணு?" என்றேன். டம்ளரோடு டம்ளர் முட்டினாள், குடித்தாள், "ஆஆ" என்று ஒரு சத்தம் விட்டாள், ஏதோ பெரிய விருந்து முடித்தவள்போல. சுற்றி இருந்ததெல்லாம் திரும்பிப் பார்த்தது. அடுத்த நிமிடம் என் கால் சட்டையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தன. எல்லாவற்றுக்கும் முட்ட வேண்டும், எல்லாவற்றுக்கும் "ஆஆ" வேண்டும். பாதி உள்ளே போயிற்று, பாதி பனியனில் போயிற்று. போகட்டும். கீழே சிந்தினதைத் துடைக்கச் சோம்பல்பட்டால் இந்த வேலைக்கு வராதீர்கள்.

இன்னொன்றையும் கோழிதான் கற்றுக்கொடுத்தது. வெயில் ஏறினால் குழாய்த் தண்ணீர் சுடும், கோழி வாயை வைக்காது. அதனால் உச்சிவேளையில் குழாயைத் திறந்து விட்டுச் சூட்டை வெளியேற்றுவோம். ஒரு நாள் குழந்தைகளுக்கு வைத்திருந்த தண்ணீரை நானே குடித்துப் பார்த்தேன். மாடித் தொட்டிக்குப் பக்கத்திலேயே வாளியில் வைத்திருந்தார்கள். டீத்தூள் போட்டால் டீ. பிறகுதான் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை மண்பானையில் ஊற்றி நிழலில் வைத்தோம். பாதிப் பிடிவாதம் அந்தப் பானையிலேயே கரைந்துபோயிற்று. குழந்தைக்குக் கொடுக்கும் எதையும் முதலில் நீங்கள் குடித்துப் பாருங்கள். உங்கள் மூஞ்சி கோணினால் அதன் மூஞ்சியும் கோணும்.

இவ்வளவு வரைக்கும் நான் பெரிய கெட்டிக்காரன். சித்திரை வந்தது.

அந்த வருடம் வெயில் தாங்காமல் செட்டில் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அந்த மாதிரி நேரத்தில் தண்ணீர்த் தொட்டியில் வெல்லமும் சத்து மருந்தும் கலந்து விடுவது வழக்கம். அண்ணன் அந்தக் கையோடு எங்கள் அறைக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு குழந்தை டம்ளரைத் தட்டிவிடுவது அவர் கண்ணில் பட்டது.

"ஏன்டா, புள்ளைங்க சரியாக் குடிக்கறதில்லையா?"

"குடிக்குதுங்கண்ணா. கொஞ்சம் நேரம் எடுக்குமுங்க."

"வெயில்ல கோழி குடிக்கலைன்னா நாம என்ன பண்றோம்?"

மறுநாள் ஆரஞ்சுப் பொடிப் பாக்கெட்டுகள் ஒரு பெட்டி வந்தது. கூடவே உறிஞ்சிக் குடிக்கிற புட்டிகள், ஆளுக்கு ஒன்று, கலர் கலராக. அக்கா, "இத்தனை சர்க்கரை எதுக்குங்க?" என்று இழுத்தார். அண்ணன் கேட்கவில்லை. கலக்கிக் கொடுத்தோம்.

குடித்தனவே! புட்டியைக் கையிலிருந்து விடவில்லை. புட்டியோடு நடந்தன, புட்டியோடு தூங்கின. என் "ஆஆ" வித்தைக்கு மவுசு போய்விட்டது. அண்ணன் வாசலில் நின்று மீசையைத் தடவினார். "பாத்தியாடா?" என்றார். பார்த்தேன். தாய்மார்களும் பார்த்தார்கள். பண்ணையிலேயே கொடுக்கிறார்கள் என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்று ஊட்டுக்கும் பாக்கெட் வாங்கிப் போனார்கள்.

கொஞ்ச நாளில் மதியச் சோறு அப்படியே திரும்ப ஆரம்பித்தது. வயிறு முழுக்கச் சர்க்கரைத் தண்ணீர், சோற்றுக்கு எங்கே இடம்? சிலதுக்கு வயிறும் சரியில்லாமல் போயிற்று. தடுப்பூசி விஷயமாக வந்த கிராம நர்ஸ் ஒரு புட்டியைத் திறந்து முகர்ந்தார்.

"இது யாரு குடுக்கச் சொன்னது?"

அண்ணன் முன்னால் வந்தார். "நானுங்க. வெயிலுக்குக் கோழிக்குக்கூட..."

"கோழிக்குப் பல்லு இருக்குதுங்களா?"

மீசையைத் தடவிக்கொண்டிருந்த கையை அண்ணன் கீழே இறக்கினார். நர்ஸ் குரலை உயர்த்தவில்லை. ரெண்டு வயசு முடியிற வரைக்கும் சர்க்கரை போட்ட தண்ணி எதுவும் வேண்டாம், டப்பா ஜூசும் கலரும்கூட வேண்டாம், தண்ணியும் பாலும் போதும் என்றார். வாயில் புட்டியை வைத்துக்கொண்டே தூங்கினால் முன்பல் முதலில் போகும் என்றார். டீத்தண்ணீரில் பன்னைத் தோய்த்துக் கொடுக்கும் வழக்கத்துக்கும் சேர்த்துத் திட்டினார். அது டீயும் கையுமாகத் திரிகிற எனக்காக இருக்கலாம்.

அண்ணனுக்கு எதுவும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. அன்று சாயங்காலமே பெட்டி போயிற்று, புட்டிகள் போயின. மறுநாள் அறை கரண்டு போன குஞ்சு செட் மாதிரி இருந்தது, அத்தனை கத்தல். ஆனாலும் என் குரு சியர்ஸ் அடித்து வழிகாட்ட, ஒவ்வொன்றாகப் பானைக்குத் திரும்பின.

தன்ஷிகாவைத் தவிர.

தன்ஷிகா சரண்யாக்காவின் பெண். ஒன்றரை வயது, தொடை தட்டிக்கொண்டு நடப்பாள். சரண்யாக்கா அட்டை அடுக்கும் வேலை. அவர் வேலைக்கு வருவது அவருடைய மாமியாருக்குப் பிடிக்காது, எப்போது ஒரு காரணம் கிடைக்கும் என்று காத்துக்கொண்டிருந்தார். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் அடுத்த நாள் காலையிலிருந்து தன்ஷிகா ஒரு வாய் தண்ணீர் இறக்கவில்லை. டம்ளரைப் பார்த்தாலே தலையைத் திருப்பினாள். "புட்டி, புட்டி" என்று அழுதாள். அக்கா, "தாகம் எடுத்தா தானாக் குடிப்பா, உடு" என்றார். பொதுவாக அது சரியான பேச்சு. நானும் விட்டேன். விளையாடுகிற பிள்ளை விஷயத்தில் நீங்களும் விடலாம்.

ஆனால் தன்ஷிகா விளையாடவில்லை. மூலையில் பாயில் படுத்திருந்தாள். எப்போதும் என் காதைப் பிடித்துத் திருகுகிறவள், நான் காதை நீட்டியும் சும்மா இருந்தாள். ஜட்டி மாற்றப் போனேன். காலையில் போட்டது காய்ந்தபடியே இருந்தது. அழுதாள், கண்ணில் தண்ணீர் வரவில்லை. உதடு வெடித்திருந்தது.

சரண்யாக்காவைக் கூட்டிவர ஓடினேன். அட்டையைப் போட்டுவிட்டு வந்தவர் குழந்தையைத் தூக்கியதும் அழ ஆரம்பித்தார்.

"தம்பி, அந்தப் பொடியக் கொஞ்சம் கலக்கிக் குடுத்துருங்க. என்ற புள்ள குடிச்சாப் போதுமுங்க."

"இரு சரண்யா, இப்பக் குடுத்தா நாளைக்கும் அதைத்தான் கேட்பா" என்றார் அக்கா.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒன்பதாம் வகுப்பைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது. ஒரே காலை குடிக்காததற்கு இவ்வளவு வாடுமா?

"சரண்யாக்கா, நேத்து ஊட்டுல நல்லா இருந்தாளா?"

சரண்யாக்கா தலையைக் குனிந்தார். "ராத்திரியில இருந்து வயித்தால போகுதுங்க தம்பி. சொன்னா ரூமுல சேர்க்க மாட்டீங்க. லீவு போட்டா எங்க அத்தை, வேலைக்குப் போனது போதும்னு சொல்லிப்போடுவாங்க."

அக்காவுக்கும் எனக்கும் அப்புறம் வாக்குவாதமே இல்லை. பொடியா தண்ணீரா என்ற சண்டையெல்லாம் நல்லா இருக்கிற பிள்ளைக்கு. இது வேறு. அண்ணன் வண்டியை எடுத்தார். வழியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அந்த ஊரையே திட்டிக்கொண்டு வந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்கி, ஒரு ஸ்பூனைக் கையில் கொடுத்தார்கள். ஒரே மூச்சில் ஊற்றாமல், ஸ்பூன் ஸ்பூனாக, வாந்தி எடுத்தால் கொஞ்சம் பொறுத்து மறுபடியும். முதல் ஸ்பூனைத் துப்பினாள். இரண்டாவதையும் துப்பினாள். சரண்யாக்கா விடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு ஏதேதோ பேசிக்கொண்டே, சொட்டுச் சொட்டாக. வெயில் சாயும் நேரத்தில் அண்ணனின் வேட்டி நனைந்தது. அப்போது தன்ஷிகாவைத் தூக்கி வைத்திருந்தவர் அவர்தான்.

"போயிட்டாடா!" என்று கத்தினார். "ஒன்னுக்குப் போயிட்டாடா!" வார்டே திரும்பிப் பார்த்தது. ஈர வேட்டியோடு அவ்வளவு சந்தோஷமாக நின்ற மனிதரை நான் பார்த்ததில்லை.

ஒன்று குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்தக் கரைசல் மருந்து, சர்பத் இல்லை. வயிற்றால் போனால்தான் அது, பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில்தான். ருசியாக இருக்கிறதே என்று தினமும் கலக்கிவிடாதீர்கள். அப்புறம் காலையில் குழந்தையை வாங்கும்போது, "ராத்திரி வயிறு எப்படி இருந்துச்சு?" என்று சிரித்த முகத்தோடு கேளுங்கள். போலீஸ் மாதிரி கேட்டால் எந்தத் தாயும் உண்மை சொல்ல மாட்டாள்.

குழந்தை தேறிவிட்டது. பிரச்சினை தேறவில்லை. பயந்துபோன அண்ணன், "இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா ரூமையே பூட்டிப்போடுவேன்" என்றார். ஊட்டில் மாமியாருக்குத் தேடிய காரணம் கிடைத்துவிட்டது. "அங்க போனா என்ற பேத்தி சொட்டுத் தண்ணி குடிக்கறதில்லை, இனி நீ போகவேண்டாம்." சரண்யாக்கா கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாரத் தவணை வாங்கி வந்திருந்தார். அதற்குள் தன்ஷிகா இந்த அறையில் வெறும் தண்ணீர் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அவருக்கு வேலை போச்சு.

நான் என் வித்தையெல்லாம் இறக்கினேன். சியர்ஸ் அடித்தேன், தட்டிவிட்டாள். புட்டியில் கொஞ்சமே கொஞ்சம் பொடி, நாளுக்கு நாள் குறைத்துவிடலாம் என்று பார்த்தேன். குறைத்த முதல் நாளே என் மூஞ்சியில் துப்பினாள். பெரிய சமையல்காரர்களுக்குக்கூட அப்படி நாக்கு இருக்காது. தர்பூசணி தின்றாள், வெள்ளரிக்காய் தின்றாள், ரசஞ்சோறு குழைவாகப் பிசைந்தால் தின்றாள், உப்புப் போடாத மோர்கூட ஸ்பூனில் இறங்கியது. அதனால் உடம்பில் ஈரம் இருந்தது, பயமில்லை. ஆனால் தண்ணீர் டம்ளர்? வாயைப் பூட்டி, தலையை ஒரு திருப்பு. அந்தத் திருப்பு எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

தவணை முடிய இருந்த ஒரு மத்தியானம். நான் ஓய்ந்துபோய் பானை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தன்ஷிகா பானையிலிருந்து தானே மொண்டுகொள்ள வந்தாள், குடிக்க அல்ல, தரையில் ஊற்றி விளையாட. அந்த வயசில் எல்லாவற்றையும் அடுத்தவர் வாயில் திணிக்க வேண்டும். டம்ளரை என் வாயருகே கொண்டுவந்தாள்.

"மாமா, த்தண்ணி."

வழக்கமாக வாங்கிக் குடித்திருப்பேன். அன்றைக்கு என்ன குசும்போ, வாயைப் பூட்டி, தலையை ஒரு திருப்பு. அவளுடைய அதே திருப்பு.

நின்றுவிட்டாள். மறுபக்கம் வந்து நீட்டினாள். நான் அந்தப் பக்கமும் திருப்பினேன். "வேண்டாம். புட்டி, புட்டி" என்று அவள் குரலில் அழுதேன்.

அவளுக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இடுப்பில் ஒரு கை. "குடி!" என்றாள்.

"மாட்டேன். மாமாவுக்குக் குடிக்கத் தெரியாது."

"குடிடா!"

மாமா போய் டா வந்துவிட்டது. அக்கா அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. "எப்படிக் குடிக்கறது சாமி? நீ காட்டு, மாமா பாக்கறேன்" என்றேன்.

இப்படி ஒரு மக்கு மாமாவா என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு டம்ளரைத் தன் வாயில் வைத்தாள். எனக்குத் தெரிய வேண்டும் என்று நிதானமாக, ஒரு மடக்கு. தொண்டை ஏறி இறங்கியது. "ஆஆ" என்றாள். "இப்பிடி."

நான் கைதட்டவில்லை. கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும், விளையாட்டு முடிந்திருக்கும். "புரியலையே, இன்னொரு வாட்டி காட்டு" என்றேன். காட்டினாள். டம்ளர் காலியாகும் வரைக்கும் நான் புரியாத மக்காகவே இருந்தேன். அதற்கு எனக்கு நடிக்க வேண்டிய அவசியமே இல்லை என்று அக்கா சொல்வார்.

நாங்கள் அத்தனை பேரும் அவளிடம் டம்ளரை நீட்டிக்கொண்டே இருந்தோம், அவளும் மறுத்துக்கொண்டே இருந்தாள். அது அவளுக்குத் தெரிந்த ஒரே அதிகாரம். டம்ளர் அவள் கைக்குப் போனதும் மறுக்க ஆள் இல்லை. சண்டை போட்டு ஜெயிக்கப் பார்க்காதீர்கள். குழந்தையிடம் ஜெயித்தவன் எவனையும் நான் பார்த்ததில்லை. சின்ன டம்ளரில் கொஞ்சமாக, அடிக்கடி, அதன் கைக்கு எட்டும்படி வையுங்கள். நீங்களும் குடியுங்கள். ஒன்றுக்கு வெளுப்பாகப் போனால் நிம்மதியாக இருங்கள், மஞ்சளாகப் போனால் இன்னொரு டம்ளர் வையுங்கள்.

மறுநாள் சரண்யாக்காவின் மாமியார் தானே பார்க்க வந்தார். தன்ஷிகா அவருக்கும் "இப்பிடி" காட்டினாள். அவர் அவள் நீட்டிய மிச்சத் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, "பானைத் தண்ணியா? நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிப் போனார். சரண்யாக்கா இன்றைக்கும் அட்டை அடுக்குகிறார். முட்டை உங்கள் ஊருக்கு உடையாமல் வந்தால் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் இனிப்பே கூடாதா என்று தாய்மார்கள் கேட்பார்கள். மாரியம்மன் பண்டிகைக்குப் பண்ணையில் பானகம் கரைப்போம். அப்போது தன்ஷிகாவுக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. சோறு தின்ற பிறகு சின்ன டம்ளரில் கொஞ்சம் கொடுத்தோம். அவள் ஒன்றும் முகம் சுளித்துத் தியாகம் செய்யவில்லை. நக்கி நக்கிக் குடித்தாள், இன்னும் கேட்டாள், தீர்ந்துபோச்சு என்றதும் உருண்டு அழுதாள். அப்புறம் தண்ணீர்ப் பானைக்குப் போனாள். அவ்வளவுதான். ரெண்டு வயதுக்குப் பிறகு, விசேஷத்துக்கு, சோற்றோடு, டம்ளரில். கேட்பதாலேயே தினமும் கொடுக்க, பிள்ளை ஒன்றும் கோயில் மாடு இல்லை. அழுதால் அழட்டும், பண்டிகை அடுத்த வருடமும் வரும்.

போன வாரம் சேலத்தில் சரக்கை இறக்கிவிட்டு வந்தேன். வெயிலில் வண்டிக்குள் வெந்துபோய், வழியெல்லாம் டீயாகக் குடித்து ஓட்டியிருந்தேன். குடோன் வாசலில் வண்டியை நிறுத்தியதும் உங்கள் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு தன்ஷிகா வந்தாள். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்திருந்தாள், வரும் வழியெல்லாம் சிந்தியபடி. நீங்கள் இருவரும் பின்னாலேயே ஓடிவந்தீர்களே, அப்போதுதான்.

பழக்க தோஷம். தலையை ஒரு திருப்புத் திருப்பினேன்.

அவள் இந்த முறை காட்டவில்லை. இடுப்பில் கையை வைத்தாள். "மாமா, நடிக்காத. உதடு காஞ்சிருக்குது, பாரு. குடி."

குடித்தேன்.